எலியாவா பேஜ் சிகிச்சை: யாழ்ப்பாணத்து நோயாளிக்கு எது உதவும்?

ஜோர்ஜியாவின் திபிலிசியில் 1923இல் தொடங்கிய எலியாவா நிறுவனத்தில் பேஜ், அதாவது பற்றீரியாவைத் தாக்கும் வைரஸ், கொண்டு சிகிச்சை தர இரண்டு வழி உண்டு. ஒன்று, அங்கே மருந்துக்கடையில் வாங்கக்கூடிய 'பையோ' என்ற ஆயத்தக் கலவை. மற்றது, நோயாளியின் கிருமிக்குப் பொருந்தும் பேஜைத் தேர்ந்து தரும் சிகிச்சை. அன்ரிபயோற்றிக் கேட்காத நெஞ்சுச்சளிக்கு நாங்கள் பரிந்துரைப்பது இரண்டாவதையே.

பேஜ் தாக்குவது பற்றீரியாவை மட்டும்; அதிலும் ஓர் இனத்தின் சில வகைகளை மட்டுமே. பையோவில் ஸ்ரஃபிலோகொக்கஸ், ஸ்ரெப்ரோகொக்கஸ், ஈ.கோலை, சூடோமோனாஸ், புரோட்டியஸ் ஆகியவற்றுக்கான பேஜ்கள் உள்ளன. கிளெப்சியெல்லாவுக்கும் அசினெற்றோபக்டருக்கும் இல்லை. வென்ரிலேற்றரில் இருப்பவர்களின் நிமோனியாவில் அடிக்கடி அகப்படுவதோ இவ்விரண்டும்!

ஆகவே முதல் வேலை கல்ச்சரும் (சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஏபிஎஸ்ரியும் (அதற்கு எந்த அன்ரிபயோற்றிக் கேட்கும் என்று பார்ப்பது). எச்சில் வேண்டாம், காலையில் ஆழமாக இருமி எடுத்த சளி வேண்டும். வளர்ந்த கிருமியை எறியாமல் வைக்கும்படி ஆய்வுகூடத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். அறிக்கைத் தாள் போதாது. உயிருள்ள கிருமியின் மேல் பேஜை விட்டு, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் தெளிந்த புள்ளி (கிருமி செத்த இடம்) விழுகிறதா என்று பார்த்தே எலியாவாவில் தெரிவு செய்வார்கள். கிருமியை அனுப்ப மூன்றடுக்குப் பொதி கட்டாயம்.

கெடுவது பெரும்பாலும் வழியிலும் வீட்டிலும்தான். பேஜ் குப்பிக்கு 2–8 பாகை செல்சியஸ் வேண்டும், உறையவும் கூடாது. சித்திரை வெயிலில் கொழும்பிலிருந்து சும்மா பையில் வந்த குப்பியை நம்பாதீர்கள். கலங்கியிருந்தால் எறியுங்கள். பேஜை மூச்சில் இழுக்க நெபுலைசர் (மருந்தை நுண்துளியாக்கும் கருவி) வேண்டும்; ஆனால் சூடேற்றும் அல்ட்ராசோனிக் வகை பேஜைச் செயலிழக்கச் செய்யலாம். ஜெற் அல்லது மெஷ் வகை எடுங்கள். நெபுலைசர் கிண்ணத்தில் குளோரின் மிச்சம் இருந்தாலும் அதே கதிதான். மூச்சு இறுகாமலிருக்க வைத்தியர் சல்பியூற்றமோல் தந்தால் அதை முதலில் தனியே பிடியுங்கள், பேஜோடு கலக்க வேண்டாம்.

பேஜுக்கும் எதிர்ப்பு வரும். ஆனால் இங்கேதான் அருமையான ஒரு விசயம் இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தார் 2016இல் விவரித்த ஓஎம்கேஓ1 என்ற பேஜ், அன்ரிபயோற்றிக்கை வெளியே தள்ளும் சூடோமோனாஸின் பம்பையே பிடித்து நுழைகிறது. தப்புவதற்காகப் பம்பை மாற்றும் கிருமி, பழைய அன்ரிபயோற்றிக்குக்கு மறுபடி பணிகிறது. அதனால் பேஜ் தொடங்கியதும் அன்ரிபயோற்றிக்கை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பிராங்கியெக்ரசிஸில் (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துபோகும் நோய்) சளியும் காய்ச்சலும் குறைவதையே எதிர்பாருங்கள். விரிந்த குழாய் பழையபடி ஆகாது. காசநோய்க்கு இதை நாடாதீர்கள், அக்கிருமி எங்கள் கலங்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். இறக்குமதிக்கு முன் உங்கள் நெஞ்சுநோய் வைத்தியர் மூலம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியைக் கேளுங்கள்.