பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட் என்று சொல்லி 46,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்: சமையலறை அலமாரிக்கு வண்ணம் பூசப் போகிறவர்கள் கவனத்திற்கு

"கடற்கரை வீடுன்னா பெயிண்ட் அப்படித்தான் இருக்கும் அக்கா." இன்று காலை அந்த ஒப்பந்தக்காரர் எனக்கு அனுப்பிய கடைசிச் செய்தி இது. அதன் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். 46,000 ரூபாய் கொடுத்துப் பூசிய வண்ணம், நகம் பட்டாலே தோல் உரிவதுபோல் உரிந்து வருகிறது. இன்னொரு குடும்பம் இதே வழியில் பணத்தை இழக்கக் கூடாது என்பதற்காக உடனே எழுதுகிறேன்.

எங்கள் வீடு இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு பக்கமும் கடல் என்பதால், சமையலறையில் உப்புக்காற்று படாத மூலை கிடையாது. புதிய அலமாரிகளுக்குத் தேக்குச் சட்டமும் பைன் மரக் கதவுகளும் போட்டோம். ஆசாரியின் வேலையில் ஒரு குறையும் இல்லை. கதவுகள் இழைத்த அழகுக்கே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஸ்ப்ரே வேண்டாம், தூரிகையால் கையாலேயே பூச வேண்டும் என்று நாங்கள் தீர்மானித்ததற்கும் காரணம் உண்டு. கையால் பூசியதில் ஓரிடம் அடிபட்டால், அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசிக்கொள்ளலாம்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கைபேசிச் செயலி வழியாகத்தான் அந்த ஒப்பந்தக்காரர் வந்தார். மாதிரிக்கு ஒரு பலகையைக் கொண்டுவந்திருந்தார். தந்த நிறத்தில் கண்ணாடிபோல் இருந்த அந்தப் பலகையின் மேல், என் மாமியார் கொடுத்த சூடான டீயைக் கொஞ்சம் ஊற்றி, சற்று நேரம் விட்டுத் துடைத்துக் காட்டினார். ஒரு கறையும் இல்லை. "பி.யூ. பெயிண்ட் அம்மா, ஹார்ட்னர் கலந்து அடிக்கிறது, பத்து வருசத்துக்குத் தொட வேண்டாம்" என்றார். ஹார்ட்னர் என்பது பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் திரவம். பைன் மரத்தின் கணுக்களில் பிசின் இருக்கும், அதற்கு முதலில் அரக்கு அடிக்காவிட்டால் வெள்ளைப் பூச்சின் மேல் மஞ்சளாகக் கசிந்து வரும் என்று சொன்னார். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, தின்னரால் துடைத்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும் என்றார். உப்புத் தாளில் 120-ஆம் எண்ணில் தொடங்கி 220 வரை தேய்ப்போம், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே 320-ஆம் எண்ணில் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைப்போம், கீல்களைக் கழற்றிவிட்டுத்தான் பூசுவோம் என்று வரிசையாக ஒப்பித்தார். இத்தனையும் சரியான தகவல்கள். இவ்வளவு தெரிந்த மனிதர் ஏமாற்றுவார் என்று யார்தான் நினைப்பார்கள்? அந்த இடத்திலேயே 30,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தோம்.

தான் சொன்ன எதையும் அவர் செய்யவில்லை என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. வேலைக்கு வந்தவர்கள் அவருடைய ஆட்கள். அவர் எட்டிப் பார்த்ததோடு சரி. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது, வாடைக்காற்றும் வீசியது. மரத்தைத் துடைத்து உலர விடாமல், மேலோட்டமாக ஒரு முறை தேய்த்துவிட்டு நேராகப் பூசத் தொடங்கினார்கள். கீல்களின் மேலேயே வண்ணம் ஏறியது. பெயிண்ட் வந்தது பெயர் ஒட்டாத ஒரு பிளாஸ்டிக் வாளியில். ஹார்ட்னர் கலந்த பி.யூ. சில மணி நேரத்தில் இறுகிவிடும். மறுநாளைக்கு வைத்துப் பூச முடியாது. இவர்களோ மாலையில் மூடி வைத்த வாளியை மறுநாள் காலையில் கிண்டி, அதையே பூசினார்கள். கேட்டதற்கு, "இது புது மாதிரிங்கக்கா" என்று பதில் வந்தது. முதல் பூச்சு உலர்வதற்குள் அடுத்ததை அடித்து, கதவுகளையும் சாத்திவிட்டு, மீதி 16,000 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு வாரத்திற்குள் கதவுகள் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டன. இழுத்துத் திறந்தபோது வண்ணம் பட்டையாகப் பெயர்ந்து வந்தது. கணு இருந்த இடங்களிலெல்லாம் மஞ்சள் வட்டங்கள். அடுப்புக்கு அருகே இருக்கும் கதவு முழுவதும் கொப்புளம். உச்சிப்புளியிலிருந்து வந்து பார்த்த வேறொரு பெயிண்டர் பஞ்சில் தின்னரைத் தொட்டு ஒரு மூலையில் வைத்தார்; அந்த இடம் சுருங்கிக் குழைந்தது. நன்றாக இறுகிய பி.யூ. அப்படிக் குழையாது என்றும், இது சாதாரண எனாமல் என்றும், முழுவதையும் சுரண்டி எடுத்தால்தான் மறுபடி பூச முடியும் என்றும் அவர் சொன்னார்.

ஒப்பந்தக்காரரை அழைத்தால் முதலில் "மழை விடட்டும்" என்றார், பிறகு "தை பிறக்கட்டும்" என்றார், பிறகு அவர் மனைவி எடுத்து "அவர் வெளியூர்" என்றார். செயலியின் வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்கள் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதையைச் சொல்லி, படங்களை அனுப்பிய பிறகு, பணம் செயலி வழியாகச் செலுத்தப்படவில்லை என்பதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பியது யார்? சரிபார்க்கப்பட்டவர் என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அடையாளம் போட்டது யார்? எங்கள் 46,000 ரூபாய்க்கு இவர்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பூசப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன். கை நடுங்குவதால் முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பெயிண்டைக் கடையில் நீங்களே வாங்குங்கள், டப்பா உங்கள் கண் முன்னால் உடைக்கப்பட வேண்டும். பி.யூ. என்றால் ஹார்ட்னர் டப்பா தனியாக இருக்க வேண்டும். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு கதவைப் பூசச் சொல்லி, நன்றாகக் காய்ந்த பிறகு தின்னர் பஞ்சு வைத்துப் பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இராமேசுவரம், கீழக்கரை, இராமநாதபுரம் பக்கம் இப்படி வாளியில் பெயிண்ட் கொண்டுவந்து பூசிவிட்டுப் போன ஆட்களிடம் பணம் இழந்தவர்கள் இருந்தால், படங்களையும் பணம் அனுப்பிய விவரங்களையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.