கைப்பாய், பேடில்போர்டு செட் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டு பணம் கட்டுங்க. எனக்குப் போனது 18,500 ரூபாய்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். காற்றடைத்த பேடில்போர்டில் (நின்றபடி துடுப்பு போட்டுப் போகும் நீர்ப்பலகையில்) நின்றுகொண்டு, படகுப் பாய்போலக் கையில் பிடிக்கும் பாயை வைத்துக் காற்றின் இழுப்பில் தண்ணீரில் ஓடப் பழகலாம் என்று இப்போது பலர் ஆசையாகக் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறிவைத்து ஒரு பெரிய ஆன்லைன் சந்தையில் "போர்டு, பாய், பாடம் மூன்றும் சேர்த்து" என்று ஒரு செட் விற்கிறார்கள். 18,500, முழுவதும் முன்பணம். இன்றுவரை ஒரு பைசா திரும்பவில்லை.

நம்பிப் பணம் கட்டக் காரணம் அவர்களுடைய சாட். முதலில் கேட்டது, போர்டின் அடியில் நடுப்பகுதியில் ஃபின் (தண்ணீருக்குள் நீட்டி நிற்கும் மீன் துடுப்பு போன்ற தகடு) மாட்ட இடம் உண்டா என்று. இந்த விளையாட்டுக்கு உயிரே அதுதான். சாதாரண பேடில்போர்டில் ஃபின் வால் பக்கம் மட்டும் இருக்கும். துடுப்பு போட அது போதும். பாய் பிடித்தால் போதாது. காற்று உங்களைப் பக்கவாட்டில் தள்ளும்போது வால் மட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், முன்பக்கம் காற்றோடு திரும்பிப் போய்விடும். நிற்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே ஒரு ஃபின் இருந்தால்தான் போர்டு பக்கவாட்டில் வழுக்காமல் நேராக ஓடும், கொஞ்சமாவது காற்றை எதிர்த்து ஏறிக் கிளம்பிய இடத்துக்கே வர முடியும்.

பதில் உடனே வந்தது: "இருக்கு சார், நடு ஃபின் 23 சென்டிமீட்டர், பாக்ஸ்லயே வரும்." கூடவே போர்டின் அடிப்பக்கப் படம், நடுவில் ஃபின் பெட்டி (ஃபின் செருகும் பள்ளம்) பளிச்சென்று தெரிந்தது. பாயின் அளவு கேட்டதற்கு, "பிகினருக்கு 5 சதுர மீட்டர்தான் கரெக்ட் சார், லீஷ் மாட்டாம இறங்காதீங்க" என்றார்கள். (லீஷ் என்பது போர்டையும் பாயையும் உடம்போடு கட்டிக்கொள்ளும் கயிறு.) விஷயம் தெரிந்தவர் பேசும் பேச்சு. அந்த ஒரு வரிதான் 18,500-ஐ அனுப்ப வைத்தது.

வந்த பெட்டியில் இருந்த போர்டில் வால் ஃபின் மட்டும்தான். நடுவில் வெறும் வழவழ ரப்பர். பாயில் 5 என்று அச்சடித்திருக்கிறது. 5 சதுர மீட்டர் பாய் நுனிக்கு நுனி 3 மீட்டரைத் தாண்ட வேண்டும், இது இரண்டரையைக்கூடத் தொடவில்லை. 12 நாட் காற்றில், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டரில், இதைப் பிடித்து நின்றால் இழுவையே இருக்காது.

அதுவும் போகட்டும். பாயின் முன்விளிம்புக் குழாயில் காற்றடிக்கும்போது அழுத்தம் காட்டும் மீட்டர் 5 பிஎஸ்ஐ காட்டுகையிலேயே நுனியில் 'புஸ்' என்று போய்விட்டது. பாயில் அச்சிட்ட உச்ச அழுத்தம் 8. ஜிப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் பிளாடர் (காற்றுப்பை) பிழிந்த துணிபோல முறுக்கிக் கிடக்கிறது, முறுக்கு விழுந்த இடத்திலேயே ஒரு விரல் நீளக் கிழிசல். பிளாடர் மெல்லிசு, அழுத்தத்தைத் தாங்குவது வெளித்துணிதான். அதனால் பிளாடர் உறைக்குள் நுனிவரை விரிந்து உட்கார வேண்டும். தொழிற்சாலையில் அதைச் சரியாகச் செருகவே இல்லை.

புகார் சொன்னதும் அந்த இனிப்பான சாட் ஆளே மாறிவிட்டார். "ஓவரா காத்தடிச்சிருக்கீங்க." மீட்டர் படம் அனுப்பினால், "படம் கிளியரா இல்லை." ஃபின் பெட்டி எங்கே என்றால், "அது மாடல் படம் சார், பட்டை கட்டி ஃபின் மாட்டிக்கலாம்." சந்தையின் உதவி மையத்தைக் கேட்டால் விற்பவரிடம் பேசச் சொல்கிறார்கள், விற்பவர் உதவி மையத்தில் ரிக்வெஸ்ட் போடச் சொல்கிறார். பெட்டி பிரித்த வீடியோ அனுப்பினேன். அதற்குள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதாம்! கடைசியில் புகாரில் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டு மூடிவிட்டார்கள். 18,500 விற்றவன் கையிலேயே இருக்கும்போது என்னத்தைத் தீர்த்தார்கள்?

பணத்தைவிட வயிற்றெரிச்சல் அந்தப் 'பாடம்'. நாலு பக்கப் பிடிஎஃப். அதில், கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும் நாளில் அலை இருக்காது, பழக அதுவே சிறந்தது என்று எழுதியிருக்கிறார்கள். கொலைபாதகம் இது. கரையோரம் தண்ணீர் குளம்போலத் தெரியும், தள்ளிப் போகப் போகக் காற்று வலுக்கும். நடு ஃபின் இல்லாத போர்டில் புதிதாகப் பழகுகிறவர் அங்கிருந்து பாய் பிடித்துத் திரும்பவே முடியாது.

பழக வேண்டியது கரைக்குப் பக்கவாட்டில், அல்லது சற்றே கரையை நோக்கி வீசும் காற்றில், 10 முதல் 15 நாட் வரை. முதலில் போர்டில் மண்டியிட்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி, முன்பக்கம் இருக்கும் கையால் மட்டும் பாயைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பாய் கொடிபோல ஆடும், இழுக்காது. பிறகு பின்பக்கக் கையால் மெல்ல உள்ளே இழுத்தால் காற்று பிடிக்கும். போர்டு நகர்ந்த பிறகே எழுந்து நிற்பது. தடுமாறினால் பின்பக்கக் கையை விட்டால் போதும், இழுவை போய்விடும். பாயை முன்னே சாய்த்தால் போர்டின் முகம் காற்றை விட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். அந்த நாலு பக்கத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை.

வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது அவ்வளவு பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை:

அடிப்பக்கத்தை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள், படத்தை நம்பாதீர்கள். பாயை நுனிக்கு நுனி டேப் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். பார்சல் வந்த அன்றே காற்றடித்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள், வால்வில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

போர்டுக்கு ஒரு லீஷ், பாய்க்கு ஒரு லீஷ். துடுப்பைக் கரையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

இந்தச் செட்டை ஏற்கனவே வாங்கிவிட்டவர்கள் அந்தப் பிடிஎஃப் சொல்வதைக் கேட்டுத் தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள்.