மாமாவின் பி.எஸ்.ஏ.யும் பஞ்சிகாவத்தை நானாவும்

ரொறன்ரோவிலிருந்து மூன்று வாரத்துக்குக் கொழும்பு வந்தவன், வெள்ளவத்தையில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுத் திரும்பியிருக்கலாம். மாமா விடவில்லை. அவரிடம் 1961இல் செய்த பி.எஸ்.ஏ. சி15 மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. 250 சிசி, 6 வோல்ட். போன வருடம் சட்டம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்ததிலிருந்து இரவில் அதை ஓட்ட முடிவதில்லை. முன்விளக்கு எண்ணெய் தீர்ந்த குத்துவிளக்கைப் போல மஞ்சளாக அழுதது. பின்னால் இன்னும் வேடிக்கை: பிரேக்கை மிதித்தால் சிவப்பு விளக்கு பளிச்சிடுவதற்குப் பதிலாக அணைந்தது.

முதலில் காலி நகருக்குப் போகும் காலி வீதியில் உள்ள ஒரு கராஜுக்குப் போனோம். குளிரூட்டிய அறை, கணினி பில், பிஸ்கட்டுடன் தேநீர். உபசாரத்தில் குறையே இல்லை. வண்டியைச் சரியாகப் பார்க்காமலே புதுப் பற்றரியும் பல்பும் எழுதிவிட்டார்கள். பொருத்த வந்த பையன் வழக்கம்போல மைனஸ் வயரைச் சட்டத்தில் பூட்டப் போக, மாமா பாய்ந்து கையைப் பிடித்தார்.

"தம்பி, இது பழைய இங்கிலிஷ் வண்டி. இதில் பிளஸ்தான் சட்டத்துக்கு."

மாற்றிப் பூட்டியிருந்தால், பற்றரிக்குப் போகும் மின்சாரத்தை ஒரே திசையாக்கும் ரெக்டிஃபையர் அங்கேயே புகைந்திருக்கும். 9,800 ரூபாய் கொடுத்தோம். விளக்கு அதே மஞ்சள். முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும், 40,000 ஆகும் என்றார்கள்.

மறுநாள் பகல் வெளிச்சத்திலேயே மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தைக்கு ஓட்டிப் போனோம். கழற்றிய உதிரிப்பாகங்கள் கூரை வரை குவிந்த சந்து. பெயர்ப்பலகை இல்லாத கடை. சாரம் கட்டிய ஒரு நானா; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். உட்கார ஒரு வாங்கு கூட இல்லை. என் காற்சட்டையில் பட்ட கறுப்பு எண்ணெய் இன்னும் போகவில்லை.

நானா எந்த ஆயுதத்தையும் எடுக்கவில்லை. முன்விளக்கைப் போட்டுவிட்டு ஹாண்டிலை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மெதுவாகத் திருப்பினார். நடுவில் ஓரிடத்தில் வெளிச்சம் ஒரு கணம் வெள்ளையாகி மறுபடி விழுந்தது.

"பார்த்தீர்களா மகன்? வயரில் பிழை இல்லை. எர்த் இல்லை."

விளக்குக்கு ஒரு பக்கம்தான் வயர். மறுபக்கம் மின்சாரம் சுற்றை முடிப்பது சட்டத்தின் இரும்பு வழியாக; அதுதான் எர்த். முன்விளக்குக்கு அந்த இரும்பு ஹாண்டில் கழுத்திலுள்ள பேரிங் குண்டுகள் வழியாகக் கிடைக்க வேண்டும். அங்கே கிரீஸும் புதுப் பெயின்டும். போதாததற்கு மாமாவின் வீடு கடற்கரை ரயில் பாதையை ஒட்டிய ஒழுங்கையில், உப்புக் காற்றில். மீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸிலும் மற்றதை முன்விளக்கின் கோப்பையிலும் வைத்தார். 1.4 வோல்ட். பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது, 0.2ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். 12 வோல்ட் வண்டி இந்த இழப்பை ஒருவாறு தாங்கும். 6 வோல்ட்டில் மிஞ்சுவது 4.6தான். இழை பல்பில் வோல்ட் கால்வாசி குறைந்தால் வெளிச்சம் பாதிக்கு மேல் போய்விடும்.

பின்விளக்கிலும் அதே கதை. ஒரே பல்பில் இரண்டு இழைகள், இரண்டுக்கும் மட்கார்ட் ஆணி ஒன்றுதான் எர்த். பெயின்டுக்கு மேல் இறுக்கிய அந்த ஆணியால் சின்ன இழையை மட்டுமே அரைகுறையாக எரிக்க முடிந்தது. பிரேக்கின் பெரிய இழையும் சேர்ந்தால் இரண்டும் படுத்துவிடும்.

அரத்தாளால் ஒரு ரூபாய்க் குற்றியளவு பெயின்டைச் சுரண்டி இரும்பை மினுங்க வைத்தார். முன்விளக்குக் கோப்பையிலிருந்து ஒன்று, பின்விளக்கிலிருந்து ஒன்று என இரண்டு சிவப்பு வயர்களை நேராகப் பற்றரியின் பிளஸுக்கு இழுத்தார். ஆணிகளில் வாசலின் பூசினார். ஒரு மணித்தியாலம், அதில் பாதி தொலைபேசிப் பேச்சு. கூலி 2,000 ரூபாய். ரொறன்ரோவில் இந்தக் காசுக்கு வண்டியை உள்ளே தள்ளக்கூட விடமாட்டார்கள். ஐயாயிரத்தை நீட்டினேன்; மிச்சத்தை எண்ணித் தந்தார். பில் கேட்டதற்குச் சிரித்தார்.

அன்றிரவு ஒழுங்கையில் மாமா வண்டியை எதிர்வீட்டு மதிலுக்கு நேரே நிறுத்தி என்னைப் பின்னால் நிற்க வைத்துப் பிரேக்கை மிதித்தார்.

"எரிகிறதா?"

"எரிகிறது மாமா."

"இப்போது?"

நுளம்பு கடித்துக்கொண்டிருந்தது. ஆறாவது தடவையும் எரிகிறது என்றுதான் சொன்னேன்.