சளிக்கு ஆவியா, மிளகு ரசமா?

வீட்டில் ஒருவருக்குச் சளி பிடித்தால் போதும், இரண்டு மூன்று நாளில் எல்லோரும் தும்ம ஆரம்பித்துவிடுவோம். உடனே எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழும்: நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பதா, மிளகு ரசம் வைப்பதா?

ஆவி பிடித்தால் அடைத்த மூக்கு கொஞ்ச நேரம் திறந்துகொள்ளும். போர்வைக்குள் வேர்த்து வெளியே வரும்போது கிடைக்கும் ஆறுதல் உண்மைதான். ஆனால் சீக்கிரமே மறுபடி அடைத்துக்கொள்ளும். அப்புறம், கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்துபோகும் ஆபத்து சளியைவிடப் பெரியது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

ரசம் அப்படியில்லை. காய்ச்சலில் உடம்பு இழந்த நீரும் உப்பும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். சூடு தொண்டைக்கு இதம். மிளகின் காரத்தில் மூக்கு ஒழுகிச் சளி இளகும். வாய் கசந்து எதுவும் பிடிக்காத நேரத்திலும் குழைந்த சாதத்தோடு இரண்டு வாய் இறங்கும். பிள்ளைகளுக்கு மிளகைக் குறைத்துக்கொள்ளலாம். என் ஓட்டு ரசத்துக்குத்தான்.

இரண்டுமே கிருமியைக் கொல்லாது. சாதாரணச் சளி 7 முதல் 10 நாளில் தானாகவே போகும். காய்ச்சல் 3 நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.