பழைய ஹோண்டா சிட்டி: ஐட்லிங் ஆடினால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

1998இல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் பெட்ரோல். அப்பச்சி வாங்கிய வண்டி, பத்து வருஷத்துக்கு மேலாக என் பொறுப்பில் இருக்கிறது. வருஷத்தில் பாதி நாள் காரைக்குடி வீட்டு ஷெட்டில் சும்மா நிற்கும். பொங்கல், கல்யாணம் என்று ஊர் கூடினால் பிள்ளையார்பட்டிக்கும் திருச்சிக்குமாக ஓயாமல் ஓடும். இப்படி நின்று நின்று ஓடும் பழைய வண்டிக்கு வரும் பெரிய தலைவலி ஐட்லிங்தான், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்.

எங்கள் வண்டியில் அது வந்த விதம்: காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக நிற்கும். சூடேறியதும் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் 1000க்கும் 1800க்கும் நடுவே ஊஞ்சலாடும். மதுரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்தவுடனே ஒரு சென்சார் பட்டியலை எழுதி நீட்டினார்கள். எதையும் அளந்து பார்க்கவில்லை. பழைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றாலே பலருக்கும் சென்சார்தான் ஞாபகம் வருகிறது.

கைப்பேசியில் இணைக்கும் ஸ்கேனர் இந்த வண்டிக்கு உதவாது. அதற்குப் பதில் டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு பின் உள்ள சின்ன சர்வீஸ் கனெக்டர் ஒன்று இருக்கிறது. அதை ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு சாவியைத் திருப்பினால் செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். நீளமாக எரிந்தால் பத்து, குட்டையாக எரிந்தால் ஒன்று. 3 வந்தால் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், 6 வந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்ப சென்சார், 14 வந்தால் ஐட்லிங்கில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐட்லிங் வால்வு. எங்கள் வண்டியில் எதுவும் வரவில்லை. அதற்காக எல்லாம் நல்லாயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒயர் அறுந்ததும் ஷார்ட் ஆனதும்தான் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டருக்குத் தெரியும்; காற்று எங்கேயோ திருட்டுத்தனமாக நுழைவது தெரியாது.

இந்த எஞ்சின் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய், அதற்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. அதனால் ஹோஸ் விரிசல் விட்டு கூடுதல் காற்று நுழைந்தால், அதற்கேற்ப பெட்ரோலையும் கூட்டிக்கொடுத்துவிடும். ஆர்பிஎம் ஏறும். ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமலே இவ்வளவு ஏறுகிறதே என்று கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் விழும், திரும்பக் கொடுக்கும். ஊஞ்சல் ஆடுவது இப்படித்தான்.

காரைக்குடி கழனிவாசல் பக்கம் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஏர் ஹோஸைக் கழற்றி, த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவு) முன்னால் இருக்கும் ஐட்லிங் துளையை விரலால் அடைத்தார். ஆட்டம் சட்டென்று நின்று எஞ்சின் தணிந்தது. “பாத்தீங்களா தம்பி, காத்து வேற எங்கேயும் போகலை, இந்த வால்வு வழியாத்தான் போகுது. ரேடியேட்டரைத் தொறங்க” என்றார். தண்ணீர் ஒரு சாண் கீழே கிடந்தது.

ஐட்லிங்குக்கும் ரேடியேட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தோன்றியது. ஐட்லிங் வால்வுக்குள் கூலன்ட் சுற்றி வருகிறது. அங்கே தண்ணீருக்குப் பதில் காற்றுக் குமிழ் அடைத்தால் வால்வு தாறுமாறாக வேலை செய்யும். வெப்ப சென்சார் முனையில் குமிழ் நின்றாலும் தப்பான அளவைச் சொல்லும். வண்டியின் மூக்கை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஹீட்டரை முழுக்கத் திறந்து, காற்றை வெளியேற்றும் ப்ளீட் போல்ட்டைத் தளர்த்தி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை சுற்றும்வரை கூலன்ட் ஊற்றினோம். வால்வைக் கழற்றி க்ளீனர் அடித்தபோது கறுப்பாக ஒழுகியது. எங்கள் ஊர் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் ரேடியேட்டருக்குக் கூலன்ட்தான் ஊற்ற வேண்டும். வாட்ச்மேனிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஊஞ்சல் நின்றாலும் ஒரு மெல்லிய உதறல் மிச்சமிருந்தது. அது டேப்பெட், அதாவது எஞ்சின் வால்வுகளுக்கு விடும் சின்ன இடைவெளி. இந்த எஞ்சினில் அதை அவ்வப்போது கையால் செட் பண்ண வேண்டும்: எஞ்சின் ஆறியிருக்கும்போது காற்று நுழையும் இன்டேக் வால்வுக்கு 0.18 முதல் 0.22 மில்லிமீட்டர், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.23 முதல் 0.27. டேப்பெட் கடகடவென்று சத்தம் போட்டால் எல்லோரும் கவனிப்பார்கள். இறுகிப்போனால் சத்தமே வராது, வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரெஷன் கசியும். சத்தமில்லாத டேப்பெட்டைக் கண்டுதான் நான் பயப்படுகிறேன்.

சித்திரை வெயிலில் தனியாக ஒரு கூத்து உண்டு. மத்தியானம் கண்ணாடி ஏற்றி நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகாது, சாயங்காலம் ஒன்றும் நடக்காததுபோல் ஆகும். சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் ஃப்யூயல் பம்ப் இரண்டு நொடி முனகுகிறதா என்று கேளுங்கள். முனகவில்லையென்றால் பம்புக்கு மின்சாரம் விடும் மெயின் ரிலேயைச் சந்தேகப்படலாம். உள்ளே சால்டர் (ஈயப் பற்று) விரிசல் விட்டிருக்கும், சூட்டில் தொடர்பு விடும். திரும்ப சால்டர் வைத்தாலே போதும்.

நிற்கும் வண்டிக்குள் கூடு கட்டும் எலிக்கு மருந்து இல்லை. ஷெட்டில் நிற்கும்போது பானட்டைத் திறந்தே வைக்கச் சொல்லியிருக்கிறேன். இருட்டு இல்லாவிட்டால் கூடு கட்டுவது குறைகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு ரப்பர் ஃப்யூயல் ஹோஸ்களைப் புதிதாக மாற்றிவிட்டேன். ஊருக்குத் திரும்பும்போது டேங்கை நிரப்பியே நிறுத்துகிறேன், காலி இடத்தில் ஈரம் கோத்துக்கொள்ளாமல் இருக்க.

இப்போது ஏசி போட்டு நிற்கும்போது மட்டும் ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு தெரிகிறது. இன்ஜெக்டரைக் கழுவலாம் என்று ஒருவர் சொன்னார். நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு பானட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தேன். சுற்று சீராக இருக்கிறது, ஆனால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் போய்விட்டது. திருச்சியில் சொல்லி வைத்திருக்கிறேன்.