பேனா கடையப் பழக: இரும்பு லேத்தா, மர லேத்தா?

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு, சிட்கோ என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் லேத் (கடைசல் இயந்திரம்) ஓடும் சத்தம் கேட்கும். மில்லுக்கும் பம்புக்கும் பாகம் கடைந்தே வளர்ந்த ஊர். அதனால் பேனா கடைய ஆசைப்படும் எங்கள் ஊர்க்காரருக்கு, தெரிந்த பட்டறையிலேயே பழகிக்கொள்ளலாமே என்றுதான் முதலில் தோன்றும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் பேனா இரும்பு கடையும் லேத்தில். அடுத்த வருடம் மரம் கடையும் சிறிய லேத் வாங்கினேன்.

வேலை இதுதான்: மரத்துண்டின் நடுவே 7 மி.மீ. துளை போட்டு, பித்தளைக் குழாயை உள்ளே ஒட்ட வேண்டும். இரு முனைகளையும் குழாயோடு சமமாகச் சீவி, இருபுறமும் புஷ் (பேனாவின் இறுதி விட்டத்தைக் காட்டும் உலோக வளையம்) வைத்து, மரம் புஷ்ஷின் அளவுக்கு வரும்வரை கடைய வேண்டும். பிறகு தேய்ப்பு, பூச்சு, பேனா கிட்டில் (உதிரிப் பாகப் பொட்டலத்தில்) வரும் நிப்பையும் கிளிப்பையும் அழுத்திப் பொருத்துவது.

துளை போடுவதில் இரும்பு லேத்தை அடிக்க ஆளில்லை. சுழலும் பிடியான சக்கில் மரத்தைப் பிடித்து, எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கிலிருந்து ட்ரில்லை மெதுவாக விட்டால் துளை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். அரை அங்குலத்துக்கு ஒருமுறை ட்ரில்லை வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி மரம் வெடிக்கும். கை ட்ரில்லில் போட்டுப் பார்த்தேன். மறுமுனையில் துளை ஓரமாக வெளியே வந்து மரமும் பிளந்தது.

கடைசல் என்று வந்ததும் கதை மாறுகிறது. சின்ன விட்டமுள்ள பேனாவுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் வேகம் இருந்தால்தான் மரம் பிய்யாமல் சீவும். பட்டறைகளில் இருக்கும் பழைய லேத்துகள் பலவற்றில் 1000 சுற்றை எட்டுவதே பெரிது. அதோடு அங்கே உளி கையில் இருக்காது, டூல் போஸ்ட் என்னும் பிடியில் இறுகி நிற்கும். நேரான உருளை அருமையாக வரும். பேனாவின் நடுவில் விரல் உட்காரும் அந்த மெல்லிய வயிறு வர, இரண்டு கைப்பிடிச் சக்கரங்களை ஒரே நேரத்தில் அளந்து திருப்ப வேண்டும். என் முதல் பேனா குச்சி மாதிரி இருந்ததற்குக் காரணம் அதுதான்.

பட்டறைக்கார அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: “ஏனுங் தம்பி, எண்ணெய் ஓடற பெட்டுல மரத்தூள் உக்காந்தா என்னாகுமுங்க?” பெட் என்பது லேத்தின் அடித்தண்டவாளம். அதில் தூள் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும், ஈரம் பிடித்துத் துருவும் ஏறும். அன்று அவரும் நானும் சேர்ந்து துடைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

மர லேத்தில் உளி நம் கையில், தாங்கு கட்டையின் மேல். உளியின் சரிவு மரத்தைத் தொட்டபடி நகரும்போது சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். கை தப்பினால் உளி கடித்துத் துண்டே சிதறும். ஆனால் வளைவைக் கண்ணும் மணிக்கட்டும் சேர்ந்து முடிவு செய்வது இங்கேதான். எனவே கடையப் பழக மர லேத்தே என் பரிந்துரை. துளை போடவும், புஷ் கடைந்து வாங்கவும் இரும்புப் பட்டறைக்குப் போங்கள். கட்டில் கால் கடையும் ஆசாரியிடம் ஒரு நாள் நின்று அவர் கையைப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

உளியில் கார்பைடு முனை உடனே பலன் தரும்: சாணை பிடிக்கத் தேவையில்லை, மட்டமாகப் பிடித்தால் போதும். ஆனால் அது சுரண்டும், ஹைஸ்பீடு ஸ்டீல் சாய்வு உளி சீவும். முதல் 10 பேனாவுக்கு கார்பைடு, அப்புறம் சாய்வு உளி என்று போகலாம். இரும்பு வேலைக்கான கார்பைடு முனையை இரவல் வாங்க வேண்டாம், அதன் விளிம்பு மரத்துக்குப் போதிய கூராக இருக்காது.

துண்டை லேத்தில் கோர்க்க, குழாய்க்குள் நுழையும் மாண்ட்ரல் கம்பி எளிது. அதிகம் இறுக்கினால் கம்பி வளைந்து பேனா கோணலாகும். 60 டிகிரி சென்டர்கள் (கூம்பு முனைகள்) இரண்டுக்கும் நடுவே நேரடியாகப் பிடிப்பதில் அந்தத் தொல்லை இல்லை. அந்தச் சென்டர் இரும்புப் பட்டறைகளில் புழங்கும் சாதாரணச் சாமான்.

மரத்துக்குத் தேக்கை எடுக்காதீர்கள். அதில் உள்ள மணற்சத்து உளியை மழுக்கும். விறகுக் கடையில் கிடைக்கும் சீமைக் கருவேலத்தின் வைரம் (நடுமரம்) காய்ந்த பிறகும் அதிகம் சுருங்காது, கடைந்தால் செம்பழுப்பாக மின்னும். எங்கள் மேய்ச்சல் காட்டு மரங்களையெல்லாம் அமுக்கிவிட்ட அந்த மரத்துக்கு இப்படி ஒரு நல்ல பயன் இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

குழாய் ஒட்ட எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து போடும் பசை) போடுங்கள். உடனடிப் பசை போட்டதில் குழாய் பாதியிலேயே இறுகி ஒரு துண்டை இழந்தேன். மேல்பூச்சுக்கு மட்டும் அதே உடனடிப் பசை அரக்கைவிட மேல். அரக்கின் பளபளப்பு அழகுதான், ஆனால் சானிடைசர் பட்ட விரலில் ஒரே வாரத்தில் மங்கிவிடுகிறது. பசைப் பூச்சு போடும்போது ஜன்னலைத் திறந்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், புகை கண்ணை எரிக்கும். லேத் ஓடும்போது கையுறை மட்டும் எந்த நேரத்திலும் வேண்டாம்.