கேஸ் கிரில்லில் கரி அடுப்பு அளவுக்குச் சூடு வருமா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று பர்னர் கேஸ் கிரில் ஒன்று சில வருடங்களாகப் புழக்கத்தில் இருக்கிறது. கரி அடுப்பு மாதிரி சூடு வருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வாங்கி வந்து அப்படியே பற்றவைத்தால் வராது, கறி வெளுத்துத் தண்ணீர் விட்டு அவித்த மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் சரிசெய்துகொண்டால் வரும்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் தந்தது கம்பித் தட்டுதான். கூடவே வந்த மெல்லிய ஸ்டீல் கம்பி சீக்கிரம் சூடாகும், ஆனால் கறியை வைத்த நிமிஷமே சூடு இறங்கிவிடும், அதில் தேக்கி வைக்க ஒன்றுமில்லை. அதை எடுத்துவிட்டுக் கனமான வார்ப்பிரும்புத் தட்டு போட்டேன். மூன்று பர்னரையும் முழுசாகத் திருப்பி, மூடியை மூடி, 15 முதல் 20 நிமிடம் விட வேண்டும். அப்புறம் இரும்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று வற்றாமல் முத்தாக உருண்டு ஓடும், அப்போதுதான் சாப்ஸைப் போடுவேன். வார்ப்பிரும்புத் தட்டு கிடைக்காதவர்கள் வீட்டில் இருக்கும் கனமான இரும்பு தோசைக்கல்லைக் கம்பி மேல் வைத்துப் பாருங்கள், அதுவும் அருமையாக வேலை செய்கிறது.

மூடியில் இருக்கும் மீட்டரை நம்பாதீர்கள், அது காட்டுவது மேலே நிற்கும் காற்றின் சூட்டை. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் கறுத்த இரும்பில் பிடியுங்கள், பளபளக்கும் ஸ்டீலில் தப்பாகக் காட்டும். 250 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும்.

சூடு ஏறினாலும் கறி ஈரமாக இருந்தால் பயனில்லை. கறி நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் வேண்டும், மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் தயிர் மசாலாவில் ஊறிய துண்டுகளை வழித்துவிட்டுத்தான் வைக்கிறேன். தட்டு நிறைய அடுக்குவதும் இல்லை.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலம் முழுக்க மூடி வைத்து எடுத்தால் பர்னர் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும், பாட்டில் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்தால் சரி. ஓட்டைகளை மெல்லிய கம்பியால் குத்துங்கள், ஆனால் பெரிதாக்கிவிடாதீர்கள்.

ஹை பிரஷர் ரெகுலேட்டர் மாட்டினால் சூடு ஏறும் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் வீட்டு சிலிண்டர் ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தம்தான் தரும், கிரில் ஜெட்டின், அதாவது பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சும் சின்ன மூக்கின், ஓட்டையும் அதற்குத் தகுந்த அளவில்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிரில் என்றால் அது இயற்கை எரிவாயுவுக்கான ஜெட்டா என்று பார்க்காமல் சிலிண்டரை மாட்டவே கூடாது. டியூப் இணைப்பில் அவ்வப்போது சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் சாயங்காலம் காற்று அடிக்கும். கிரில்லின் முதுகுப் பக்கமாக அடித்தால் சூட்டை முன்னால் இருக்கும் பர்னர் திருகுகள் பக்கம் தள்ளும், கிரில்லைத் திருப்பிப் போடுங்கள். அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பதையும் விட்டுவிடுங்கள்.

சமைத்து முடித்ததும் பத்து நிமிடம் முழுத் தீயில் விட்டு, ஒட்டியதைத் தேய்த்து எடுத்து, பர்னரை அணைத்த பிறகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறேன், இதுவரை வார்ப்பிரும்பில் துரு ஏறவில்லை.